ஆண்டாளின் கைப்பக்குவம்

முந்திரிப் பருப்பை ஊறவைத்து அரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து மூடிவைத்தால் மறுநாள் தயிராகிவிடும் என்று யூடியூபில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். ஆண்டாளும் அப்படியே அரைத்து வைத்தாள். போகி அன்று காலையில் மூடியைத் திறந்து பார்த்தால் அது முந்திரியாகவும் இல்லை, தயிராகவும் இல்லை. சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பத்து மணிக்கு மகனும் மருமகளும் பாண்டிச்சேரியிலிருந்து வந்து இறங்கப் போகிறார்கள். மோர்க்குழம்புக்கு வெண்பூசணி வேறு அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் தெய்வசிகாமணி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதப் போய் கொழம்புல ஊத்தப் போறியா?"

"ஊத்தத்தான் போறேன். ஊத்தி, அதையும் மோர்க்குழம்பா ஆக்கிக் காட்டறேன், பாருங்க."

ஆண்டாளுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. மரக்காணத்தில் அவர்களுக்கு ஆறு ஏக்கர் உப்பளம். அதில் வேலை செய்கிற முப்பது பேருக்கும் இருபது வருஷமாக மதியச் சாப்பாடு அவள் சமையல்தான். பாத்தியில் வெயில் குடித்து, சட்டையைப் பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு வேர்த்து வருகிற அத்தனை பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அக்கா குழம்பு போல எங்கேயும் கிடைக்காது என்று சொல்லித்தான் எழுந்து போவார்கள். முப்பது பேர் இருபது வருஷமாகச் சொன்னால் அதற்குமேல் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அளவுக் கரண்டி என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. கைதான் அளவு. கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற பழக்கமும் கிடையாது. ருசி பார்க்கிறவள் சமையல் தெரியாதவள் என்பது ஆண்டாளின் கட்சி. அவளுடைய சமையலில் குறை சொன்னவர் என்று பார்த்தால் ஒரே ஒருவன்தான், அவள் கூடப்பிறந்த தம்பி. ஒரு காதுகுத்தில் அவள் வைத்த சாம்பாரைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான், முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட இல்லை. பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் இருக்கிற அந்தத் தம்பி இந்த வீட்டு வாசலை மிதித்துப் பதினோரு வருஷமாகிறது.

போதாததற்கு, எந்த மனசுக்கு எந்தச் சாப்பாடு என்று அவளுக்கென்று ஒரு சாஸ்திரமும் இருந்தது. கோபமாக இருப்பவருக்கு முருங்கைக்காய்க் குழம்பு. சப்பிச் சப்பித் துப்பி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். துக்கத்தில் இருப்பவருக்குக் குழைந்த பருப்புச் சோறு, மெல்லுகிற வேலைகூட அவருக்கு வைக்கக் கூடாது. சந்தோஷத்துக்கு வடை. சந்தேகத்துக்குப் பூண்டு ரசம். ஏதாவது முடிவெடுக்க வேண்டிய நாளென்றால் கீரைக் கடைசல், வயிறு லேசாக இருந்தால் மனசும் நல்ல பக்கமாகச் சாயும். இந்தச் சாஸ்திரம் பலித்ததா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்க வேண்டும் என்று ஆண்டாளுக்குத் தோன்றியதும் இல்லை.

இப்படிப்பட்டவள் தலையில்தான் போன மாதம் அந்த இடி விழுந்தது. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்து. மருமகள் பிரியதர்ஷினிக்காகவே வஞ்சிர மீன் வாங்கி, பார்த்துப் பார்த்துக் குழம்பு வைத்தாள். பெண் ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாயில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ரொம்ப நல்லாயிருக்கு அத்தை என்றாள். அம்மா நினைப்பு வந்திருக்கும் என்று ஆண்டாளுக்கும் கண் கலங்கியது. மறுநாள் மகன் சரவணகுமார் போன் செய்தான்.

"அம்மா, சொல்ல மறந்துட்டேன். பிரியா வீகன்."

வீகன் என்றால் என்ன படிப்பு என்று தெய்வசிகாமணி கேட்டார். படிப்பில்லை, சாப்பாடு என்றான் மகன். மீன், கறி, முட்டை கிடையாது. பால், தயிர், நெய் கிடையாது. தேன்கூடத் தொட மாட்டார்களாம். ஆண்டாளுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. பாவம் அந்தப் பெண், மாமியார் மனசு நோகக் கூடாது என்று மீனை வாயில் வைத்து, அந்த மீனுக்காக அழுதிருக்கிறாள். அன்றைக்கே மருமகள்மேல் அவளுக்குப் பாசம் ஒரு படி ஏறிவிட்டது.

அதைவிடப் பெரிய செய்தியைச் சரவணகுமார் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னான். இருவருக்கும் பாண்டிச்சேரியில் வேலை. பெரிய முதலியார்சாவடியில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் மரக்காணத்து வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் போய்வரலாம். பொங்கல் லீவுக்கு வந்து இருந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வதாகச் சொன்னான்.

பன்னிரண்டாவது முடித்ததும் ஹாஸ்டலுக்குப் போன பிள்ளை. அதற்கப்புறம் தொடர்ந்து ஒரு வாரம் அவன் அந்த வீட்டில் தூங்கினதில்லை. இப்போது விட்டால் பிறகு விருந்தாளியாகத்தான் வருவான். போகியிலிருந்து ஞாயிறுவரை ஐந்து நாள், அதற்குள் மருமகளைச் சாப்பாட்டால் கட்டிப்போட்டாக வேண்டும். வீகன்தானே, அதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்று ஆண்டாள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

முதல் சோதனை அந்தச் சுண்ணாம்புத் தயிர். குழம்பில் ஊற்றியதும் எலுமிச்சை தூக்கலாகிவிட்டது. புளிப்பை அடக்க உப்பு போட்டாள், அதை அடக்க வெல்லம் போட்டாள், தித்திப்பை அடக்க மிளகாய் கிள்ளிப் போட்டாள், காரத்தை அடக்க மறுபடியும் தேங்காய் அரைத்து விட்டாள். நாலு பேருக்கு வைத்த குழம்பு பன்னிரண்டு பேருக்கு ஆனது. ஆனாலும் மஞ்சளாக, பார்க்க மோர்க்குழம்பு மாதிரியே இருந்தது. சந்தோஷமான நாள் என்பதால் கூடவே வடையும் சுட்டாள்.

பிரியதர்ஷினி ஒன்றரைக் கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டாள், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். நல்லாயிருக்கு அத்தை என்றாள். பயணக் களைப்பு என்று ஆண்டாள் நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் இருவரும், காற்று வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லி ஈசிஆர் ரோட்டுப் பக்கம் நடந்து போனார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டாமா? ஆண்டாள் டார்ச் லைட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் பொங்கல். பானையில் பால் பொங்க வேண்டும். பால்தான் ஆகாதே. ஆண்டாள் இதற்கும் வழி வைத்திருந்தாள். நாலு தேங்காயைத் திருகி, பிழிந்து, தேங்காய்ப் பாலைப் பானையில் ஊற்றி வாசலில் அடுப்பு மூட்டினாள். அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் பொங்கி முடிந்து, பொங்கலோ பொங்கல் என்ற சத்தம் தெரு முழுக்கக் கேட்டு ஓய்ந்துவிட்டது. இவர்கள் பானை மட்டும் வாயைத் திறக்கவில்லை. பால் திரிந்து, மேலே எண்ணெய் மிதந்தது.

"ஆண்டாளு, முதல் பொங்கலு. பொண்ணு வந்திருக்குது. பொங்கலைன்னா நல்லாருக்காது," என்று தெய்வசிகாமணி காதோடு சொன்னார்.

"பொங்கும். நீங்க வாயத் தொறந்து ரெடியா நில்லுங்க."

அவள் சவுக்கு விறகை நாலு கட்டையாக உள்ளே தள்ளினாள். அடி பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. இன்னும் இரண்டு கட்டை தள்ளினாள். அப்புறம் பொங்கியது பாருங்கள், பானையில் இருந்ததில் பாதி வெளியே வந்து அடுப்பையே அணைத்துவிட்டது. தெய்வசிகாமணி ஒருவர் மட்டும் புகைக்குள் நின்று இருமிக்கொண்டே பொங்கலோ பொங்கல் என்றார். மிச்சம் இருந்ததில் அரிசியும் வெல்லமும் போட்டு, இனிப்பு எடுத்துக் கொடுப்பதற்காகக் கல்லுப்பும் போட்டு, நெய்க்குப் பதில் நல்லெண்ணெயில் முந்திரி வறுத்துக் கொட்டி இறக்கினாள். பிரியதர்ஷினி ஒரு கரண்டி சாப்பிட்டாள். அன்றைக்கும் தண்ணீர், அன்றைக்கும் நல்லாயிருக்கு அத்தை. சாயங்காலம் அன்றைக்கும் காற்று வாங்கப் போனார்கள்.

ஒன்றரைக் கரண்டி ஒரு கரண்டியானது ஆண்டாள் கண்ணிலிருந்து தப்பவில்லை. பாத்தியில் வேலை செய்கிற சகாயசெல்வி கரும்பு வாங்கிப் போக வந்தபோது அவளிடம் மனசுவிட்டுச் சொன்னாள்.

சகாயசெல்விக்குச் சிரிப்புத்தான் வந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டில் என்ன நடக்கிறது, அதுதானே இது என்றாள்.

"அக்கா, மாசக் கடைசில நம்ம ஊரே வீகன்தான். அதுக்குப் போய் முந்திரிய அரைச்சிக்கினு, தேங்காய புழிஞ்சிக்கினு. நீ எப்பவும் எங்களுக்கு ஆக்கிப் போடறதயே அந்தப் பொண்ணுக்கும் ஆக்கிப் போடு. அந்த ருசிய உட்டு எங்க போயிடும்?"

ஆண்டாள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். முப்பது பேரை இருபது வருஷம் கட்டிப்போட்ட குழம்பு கையில் இருக்கும்போது யூடியூப் எதற்கு? இனிமேல் உப்பளத்துச் சமையலையே வீட்டிலும் செய்வதென்று முடிவு செய்தாள்.

மாட்டுப் பொங்கலன்று இன்னொரு கவலை வந்தது. கொட்டகையில் செவலைப் பசு நிற்கிறது. அதைக் கறப்பதை மருமகள் பார்த்தால் மனசு என்ன பாடுபடும்? காலையில் ஆண்டாள் கறக்கவே விடவில்லை. கன்றை அவிழ்த்துவிட்டாள். அது கிடைத்ததடா சாக்கு என்று மொத்தப் பாலையும் குடித்துவிட்டுக் கழிச்சல் கண்டு படுத்துக்கொண்டது. அதற்கு ஓமம் இடித்துக் கொடுக்கப் போன தெய்வசிகாமணிக்கு விடிந்ததிலிருந்து காபி இல்லை. ஆண்டாள் கொடுத்த கடுங்காப்பியைப் பார்த்ததும் அவர் டம்ளரைத் திண்டில் வைத்த வேகத்தில் பாதி வெளியே சிந்தியது. முப்பத்தோரு வருஷத்தில் தன் வீட்டுப் பசுவை வைத்துக்கொண்டு பால் இல்லாத காபி குடித்ததில்லை என்றார்.

கோபம் என்றால் முருங்கைக்காய். ஆண்டாள் பன்னிரண்டு முருங்கைக்காய் நறுக்கி, புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்பளத்துக் கணக்கில் குழம்பு வைத்தாள். தெய்வசிகாமணி சப்பிச் சப்பித் துப்பினார். ஆறாவது துண்டில் நார் ஒன்று கடைவாய்ப் பல்லில் மாட்டிக்கொண்டது. குச்சியால் குத்தினார், ஈறு வீங்கிவிட்டது. வந்த கோபம் இறங்கவில்லை, பல்வலியும் துணைக்குச் சேர்ந்துகொண்டது. பிரியதர்ஷினியோ அரைக் கரண்டிக் குழம்பைச் சோற்றுக் குவியலின் நடுவில் விட்டு, வெள்ளைச் சோறாகவே சாப்பிட்டு முடித்தாள். உதடு வேறு வெடித்திருந்தது. பனிக்காலம், பட்டணத்துப் பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆண்டாள் தேங்காயெண்ணெய் கொடுத்தாள். பிரியதர்ஷினி அதைத் தடவிக்கொண்டே, நீங்க எனக்காக இவ்ளோ செய்யறீங்க அத்தை என்று சொல்லி ஆண்டாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அதைச் சும்மா மரியாதைக்குச் சொல்லவில்லை என்று ஆண்டாளுக்குத் தெரிந்தது. கை கொடுக்கிற பெண் வாய் கொடுக்க மாட்டேன் என்கிறாளே என்பதுதான் வேதனை.

காணும் பொங்கலுக்குப் பெருமுக்கல் மலைக்குப் போனார்கள். கட்டுச்சோறு என்றால் புளிச்சோறுதான், அதில் வீகன் என்ன, வீகன் இல்லாதது என்ன? வழியில் கெட்டுப்போகக் கூடாது என்று ஆண்டாள் எல்லாவற்றையும் ஒரு பிடி கூடவே போட்டுக் கிளறியிருந்தாள். கூடவே வடகம், அப்பளம், மாவடு. மலைமேல் கோயில் நிழலில் உட்கார்ந்து இலை போட்டார்கள். பிரியதர்ஷினி நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, கொண்டுபோன மூன்று பெரிய பாட்டில் தண்ணீரில் ஒன்றரை பாட்டிலைத் தனியாகவே குடித்தாள். மிச்சத்தைச் சரவணகுமார் குடித்தான். வீங்கிய கன்னத்தோடு தெய்வசிகாமணி தண்ணீர் வாங்க அத்தனை படியும் இறங்கிப் போக வேண்டியதாயிற்று. இறங்கும்போது அவர் யாரைத் திட்டினார் என்பது காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

பிரியதர்ஷினி இலையில் வைத்த மிச்சத்தை எங்கிருந்தோ வந்த ஆடு ஒன்று சுத்தமாகத் தின்றது. தின்றுவிட்டு இலையை விடாமல் நக்கியது. நக்கி முடித்து, ஆண்டாளின் கையையும் நக்க வந்தது.

"பாத்தியா சரவணா, வாயில்லா ஜீவனுக்கே ருசி தெரியுது," என்றாள் ஆண்டாள். சரவணகுமார் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் வழக்கம்போல இருவரும் காற்று வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஆண்டாள் துவைத்த துணியை மடித்து எடுத்துக்கொண்டு மருமகளின் அறைப் பக்கம் போனபோது, உள்ளே பிரியதர்ஷினி தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக்கேட்பது ஆண்டாளுக்குப் பிடிக்காது. ஆனால் தன் பேச்சு என்று தெரிந்த பிறகு கால் நகரவில்லை.

"ரொம்ப நல்லவங்கம்மா. நல்லவங்களா இருக்கறதாலதான் சொல்ல முடியல. ஆனா என்னால முடியலம்மா. தினமும்னா நெனச்சே பாக்க முடியல. நாளைக்கி எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

ஆண்டாள் துணியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். முடிவு தெரிந்துவிட்டது. பெரிய முதலியார்சாவடி வீடுதான். இந்த வீட்டில் இனி அவளும், பல்வலிக்காரரும், செவலையும்தான். அவளுக்கு மருமகள்மேல் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. நல்லவங்க என்று வேறு சொல்லிவிட்டாளே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்வசிகாமணி, இன்றைக்கு என்ன சமையல் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிவெடுக்கிற நாளென்றால் கீரை. துக்கமான நாளென்றால் பருப்பு. இரண்டும் சேர்ந்த நாளென்றால் இரண்டும். கொல்லையில் போய்ச் சிறுகீரை பறித்து வந்தாள். எப்போதும் அடுப்படியில் நின்றால் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டே வேலை செய்கிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை. பருப்பு வெந்தது, கீரை வெந்தது, கடைந்தாள், தாளித்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. மனசெல்லாம், இரண்டு வயதுச் சரவணன் உப்பு மேட்டில் சறுக்கி விளையாடி, உடம்பெல்லாம் வெள்ளையாக வந்து நின்றதிலேயே இருந்தது.

இலை போட்டாள். பரிமாறினாள். தனக்கு மட்டும் இலை போட்டுக்கொள்ளவில்லை.

சரவணகுமார் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். பிரியதர்ஷினியும் அவனைப் பார்த்தாள். தெய்வசிகாமணி ஒரு வாய் வைத்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னிக்கு இன்னா, ஒரு மாதிரி இருக்குது என்று ஆரம்பித்தவர், மகன் முறைத்ததைப் பார்த்துவிட்டுப் பல்வலிதான் காரணமாக இருக்கும் என்று முடித்துக்கொண்டார்.

பிரியதர்ஷினி கீரையை இன்னொரு கரண்டி கேட்டாள்.

ஆண்டாள் ஊற்றினாள். அது முடிந்ததும் பருப்பு கேட்டாள். பிறகு மறுபடியும் கீரை. ஐந்து நாளில் முதல் தடவையாகத் தண்ணீர் டம்ளர் நிறைத்து வைத்தபடியே இருந்தது. மூன்றாவது தடவையும் ஆண்டாள் சோறு போட்டாள். சட்டியைச் சாய்த்து வழித்து ஊற்றினாள், சட்டி காலி. பிரியதர்ஷினி விரலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அத்தை, தினமும் இதே மாதிரி செய்வீங்களா?"

"இதே மாதிரின்னா? கீரையா?"

"எதுவா இருந்தாலும். இன்னிக்கு செஞ்ச மாதிரியே. ஒண்ணும் மாத்தாம."

"செய்வேன் கண்ணு. அதுல இன்னா இருக்குது?"

பிரியதர்ஷினி சரவணகுமாரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அப்ப நாங்க இங்கயே இருந்துக்கறோம் அத்தை."

ஆண்டாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மருமகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள், எச்சில் கையோடு இருந்த பெண்ணை எழுந்திருக்கவே விடவில்லை. தெய்வசிகாமணிகூடப் பல்வலியை மறந்து சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் பிரியதர்ஷினி மட்டும் தனியாக ரோட்டுப் பக்கம் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டாள். காற்று போதும் போலிருக்கிறது என்று ஆண்டாள் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் இருவரையும் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கையாட்டி முடித்துத் திரும்பிய ஆண்டாள் பழைய ஆண்டாள் இல்லை. சாஸ்திரம் பலித்துவிட்டது. முடிவெடுக்கிற நாளில் கீரை, நாலு நாள் அசையாத பெண் மூன்று கரண்டியில் சாய்ந்துவிட்டாள். இதை ஊருக்குச் சொல்லாமல் இருந்தால் பாவம். பஸ் ஸ்டாப்பை ஒட்டிக் கலையரசனின் டீக்கடை இருந்தது. காலையில் டீ, சாயங்காலம் முட்டைக் கடை. பாண்டிச்சேரிக்குப் போகிற கார்க்காரர்கள் நின்று சாப்பிட்டுப் போவார்கள். ஆண்டாள் பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு டீ சொன்னாள்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். இந்த முட்டை வியாபாரமெல்லாம் பழசாகிவிட்டது. இனிமேல் எல்லாரும் வீகன்தான். கடைக்கு முன்னால் ஒரு போர்டு வைத்து, இரண்டு பெஞ்சு கூடப் போட்டால், கார்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். என்னென்ன மனசுக்கு என்னென்ன சாப்பாடு என்பதைத் தானே வந்து எழுதிக் கொடுப்பதாகச் சொன்னாள். கையளவு மட்டும் தன்னுடையது, அது சொல்லிக் கொடுத்து வராது என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கலையரசன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். முட்டையைத் தவிர வேறு வியாபாரம் தனக்குத் தெரியாது என்று இழுத்தான்.

"தெரியலைன்னா எங்க மருமவளக் கேளு. அவ வீகன்தான். நாலு நாளு யோசனைல இருந்த பொண்ணு, என் கீரையத் துன்னுட்டு இங்கயே இருந்துக்கறேன்னு சொல்லிட்டா."

கலையரசன் டீயை அவள் கையில் கொடுத்தான்.

"அந்தப் பொண்ணு உங்க மருமவளாக்கா? வந்ததுல இருந்து சாயங்காலம் ஆனா ரெண்டு டபுள் ஆம்லெட்டு, ஒரு கல்லு உப்புகூட வேணாம்னு சொல்லி நின்னு சாப்புட்டுப் போவும். நேத்துதான் வந்து, இன்னிக்கு வேணாண்ணா, எங்க அத்தை கீரைல உப்பு போட மறந்துட்டாங்க, வயிறு நெறைய சாப்ட்டேன்னு சொல்லிட்டுப் போச்சு."